70 ஆயிரத்துக்குள் கேமிங் லேப்டாப்: ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள்

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு காரைக்குடி. மகன் இந்த ஆண்டு பொறியியல் சேருகிறான். படிப்புக்கும் கேமுக்கும் ஒரே லேப்டாப் வேண்டும், கையில் 70,000 ரூபாய். அவன் விளையாட நினைப்பது வேலரன்ட், ஜிடிஏ 5, முடிந்தால் சைபர்பங்க் 2077. கடையில் இரண்டு காட்டியிருக்கிறார்கள். ஒன்று ரைஸன் 7 7435எச்எஸ் பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் சிப், விலை 68 ஆயிரம். இன்னொன்று ஐ5 12450எச்எக்ஸ், 8 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 4050 6 ஜிபி, விலை 74 ஆயிரம். எதை எடுப்பது?

இரண்டாவதை எடுங்கள். கையில் இருப்பதைவிட நாலாயிரம் கூடுதலானாலும், ரேம் பாதியாக இருந்தாலும் அதுதான் சரி. ஆனால் பணம் கட்டும் முன் ஒரு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த 4050-க்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் அது. அந்த எண் பெட்டியில் இருக்காது, விலைச் சீட்டிலும் இருக்காது, பெரும்பாலும் விற்பவருக்கும் தெரியாது. ஆனால் நான்கு வருஷம் அந்த லேப்டாப் எப்படி ஓடப்போகிறது என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப்பின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும், தயாரிப்பவர் அதற்கு எவ்வளவு மின்சாரம் விட வேண்டும் என்பதைத் லேப்டாப்பின் தடிமனுக்கும் விசிறிக்கும் ஏற்ப முடிவுசெய்துகொள்ளலாம். ஆர்டிஎக்ஸ் 4050-க்கு அதன் கம்பெனியான என்விடியா வைத்திருக்கும் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. 3050-க்கு 35-இலிருந்து 80 வரை. 2050-க்கு 30-இலிருந்து 45 வரை. அதாவது 45 வாட் மட்டும் கொடுத்த மெலிசான 4050 லேப்டாப்பும், 95 வாட்டுக்கு மேல் கொடுத்த தடிமனான 4050 லேப்டாப்பும் ஒரே ஸ்டிக்கரோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கனமான கேமில் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மெலிசாக, எடை குறைவாக, அழகாக இருப்பதைத்தான் பையன்கள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். கேமுக்கு என்றால் அழகு பார்க்க வேண்டாம். 2.2 கிலோவுக்கு மேல், பின்பக்கம் கொஞ்சம் புடைத்துக்கொண்டு இருப்பதுதான் வேலைக்கு ஆகும்.

வாட்டை எப்படித் தெரிந்துகொள்வது? மாடல் பெயர் போதாது. பெட்டியின் பக்கவாட்டில் எழுத்தும் எண்ணும் கலந்து பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு நீளும் பார்ட் நம்பர் இருக்கும். அதைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுத் தேடினால் முழு விவரப் பட்டியல் வரும். அதில் கிராபிக்ஸ் வரியிலோ அதன் அடிக்குறிப்பிலோ 'மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்' அல்லது 'டிஜிபி' என்று வாட் போட்டிருப்பார்கள். கடையில் டெமோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் எளிது. என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்தினால் அதிகபட்ச வாட் அங்கேயே தெரியும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் சார்ஜரைப் பாருங்கள். 4050 லேப்டாப்போடு 120 வாட் சார்ஜர் கொடுத்திருந்தால் கிராபிக்ஸுக்குப் போகும் மின்சாரம் குறைவு என்று அர்த்தம். 170, 200, 230 என்று இருந்தால் நம்பலாம்.

அடுத்தது கிராபிக்ஸ் நினைவகம். 4 ஜிபி என்பது இப்போது வருகிற கேம்களுக்குக் கழுத்தைப் பிடிக்கிற அளவு. கேமின் படங்களும் பரப்புகளும் அந்த 4 ஜிபிக்குள் அடங்காதபோது, மிச்சம் சாதாரண ரேமுக்கு வழியும். அங்கிருந்து ஒவ்வொரு முறையும் இழுத்துவர நேரமாகும். சராசரியாக நொடிக்கு 55 ஃபிரேம் (படம்) என்று காட்டும், ஆனால் திரும்பும் இடமெல்லாம் ஒரு நொடி திக்கி நிற்கும். சைபர்பங்க் 2077-க்கு அதன் தயாரிப்பாளர்களே குறைந்தபட்சமாகச் சொல்வது 6 ஜிபி உள்ள ஜிடிஎக்ஸ் 1060 கார்டும் 12 ஜிபி ரேமும் 70 ஜிபி எஸ்எஸ்டி இடமும்தான். 4 ஜிபி கார்டில் அது திறக்கும், ஓடும், ஆனால் நிம்மதியாக ஓடாது.

3050 என்ற பெயரிலேயே இரண்டு வேறு சிப்புகள் விற்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 4 ஜிபி உள்ளதில் 2,048 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்). 6 ஜிபி உள்ளதில் 2,560 கோர்கள், ஆனால் நினைவகப் பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறுகியிருக்கும். மொத்தத்தில் 6 ஜிபி உள்ளதே மேல். 2050 இன்னும் கீழே. கோர் எண்ணிக்கை 3050 4 ஜிபிக்குச் சமம்தான், ஆனால் பாதை 64 பிட்தான். வேலரன்ட் மாதிரி லேசான கேமுக்கு 2050 தாராளமாகப் போதும். வேலரன்ட்டின் 144 ஃபிரேம் பரிந்துரையே பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டுதான். பையன் அது ஒன்றைத்தான் விளையாடுவான் என்று உறுதியாகத் தெரிந்தால் 55 ஆயிரத்தோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் முதலாம் ஆண்டில் வேலரன்ட் விளையாடுகிறவன் மூன்றாம் ஆண்டிலும் அதையே விளையாடிக்கொண்டிருப்பான் என்று எந்த நிச்சயமும் இல்லை. கிராபிக்ஸ் சிப்பைப் பின்னால் மாற்றவே முடியாது. அது போர்டோடு பற்றவைத்தது. ரேமை மாற்றலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம், பேட்டரியைக்கூட மாற்றலாம். மாற்ற முடியாததற்குத்தான் முதலில் பணம் போக வேண்டும். 74 ஆயிரத்து லேப்டாப்பை நான் சொல்வதற்கு முழுக் காரணம் இதுதான்.

இப்போது பிராசசர். 'ரைஸன் 7' என்பதைக் கேட்டதும் 'ஐ5'-ஐ விடப் பெரியது என்று தோன்றும். அந்த ஏழையும் ஐந்தையும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ரைஸனைத் தயாரிக்கும் ஏஎம்டியின் நான்கு இலக்க எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7435-இல் அது 3, அதாவது ஜென் 3 குடும்பம். 7840-இல் அது 4, ஜென் 4. முதலில் நிற்கும் 7 வெறும் ஆண்டுக் கணக்கு. 7435எச்எஸ் நல்ல எட்டு கோர் சிப்தான், வேகத்தில் குறையில்லை. ஆனால் அதில் ஒரு முக்கியமான விஷயம் இல்லை. பிராசசருக்குள்ளேயே இருக்க வேண்டிய சிறு கிராபிக்ஸ் அதில் கிடையாது.

இதனால் என்ன ஆகும்? சாதாரண லேப்டாப்பில் நோட்ஸ் படிக்கும்போதும் கோடு எழுதும்போதும் பெரிய கிராபிக்ஸ் சிப் தூங்கிவிடும், உள் கிராபிக்ஸ் குறைந்த மின்சாரத்தில் திரையை ஓட்டும். 7435எச்எஸ்-இல் அந்த உள் கிராபிக்ஸே இல்லாததால், பிடிஎஃப் திறந்தாலும் 3050தான் விழித்திருந்து வேலை செய்ய வேண்டும். வகுப்பில் பேட்டரி சீக்கிரம் காலியாகும், மடியில் வைத்தால் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். வீட்டில் ஒரே மேசையில் எப்போதும் செருகிவைத்து ஓட்டுகிறவருக்கு அது குறையே இல்லை. காலையில் பையில் போட்டுக் கல்லூரிக்குத் தூக்கிப் போகிறவனுக்கு அது தினசரித் தொந்தரவு. 7235எச்எஸ் என்ற நான்கு கோர் சிப்புக்கும் இதே குறை உண்டு.

ஐ5 12450எச்எக்ஸ்-இல் நான்கு பெரிய கோரும் நான்கு சிறிய கோரும் இருக்கின்றன. 2022-இல் வந்த 12-ஆம் தலைமுறையின் வழிதான், புதிது இல்லை. இருந்தாலும் 4050-ஐ இழுக்கப் போதும். 13420எச் ஏறக்குறைய அதே அமைப்பு. 13450எச்எக்ஸ் கிடைத்தால் ஆறு பெரிய கோர், அது ஒரு படி மேல். 'கோர் 5 210எச்' என்று புதுப் பெயரில் வருவதும் அதே பழைய குடும்பம்தான், அந்தப் புதுப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பெயர் 'யு' என்று முடிகிற சிப்போடு கிராபிக்ஸ் கார்டு போட்டு விற்றால் கேமுக்காக அதை எடுக்காதீர்கள்.

ரேமுக்கு வருகிறேன். 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தால் இரண்டு குறை. ஒன்று, அளவு போதாது. விண்டோஸ் 11-ம் பிரௌசரும் திறந்து வைத்தாலே பாதிக்கு மேல் போய்விடும். இன்னொன்று, ஒரே குச்சி என்றால் பிராசசருக்குத் தரவு வரும் வழியும் ஒன்றுதான். இரண்டு குச்சி போட்டால் இரண்டு வழி. ஆகவே 74 ஆயிரத்து லேப்டாப்பில் இன்னொரு 8 ஜிபி போட்டே ஆக வேண்டும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களுக்கே நினைவக ஆலைகள் உற்பத்தியைத் திருப்பிவிட்டதுதான் காரணம். 'அப்புறம் மலிவாக ரேம் போட்டுக்கொள்ளலாம்' என்ற பழைய யோசனை இப்போது அப்படியே செல்லாது. அன்றைய தேதியில் ஒரு 8 ஜிபி குச்சி என்ன விலை என்று கேட்டு, அதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அப்படிக் கூட்டியது அதே 4050-இன் 16 ஜிபி மாடல் விலையைத் தாண்டினால் நேராக 16 ஜிபி மாடலையே எடுங்கள்.

குச்சி வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்துங்கள். இரண்டில் ஒரு ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்றும், வேகம் 4800 அல்லது 5600 என்றும் காட்டும். அது டிடிஆர்5 தலைமுறை ரேம். அங்கே 3200 என்றிருந்தால் அது பழைய தலைமுறையான டிடிஆர்4. டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 குச்சி உட்காராது, வெட்டே வேறு இடத்தில் இருக்கும். சில மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கூடுதல் ஸ்லாட்டே இருக்காது. அதை வாங்கும் முன்பே விவரப் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஸ்எஸ்டி 512 ஜிபி என்றால் விண்டோஸில் 476 என்று காட்டும். குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், கணக்கிடும் முறை வேறு. விண்டோஸ், ஆபீஸ், கல்லூரிக்கான மென்பொருள்கள் போக 380 ஜிபி மிஞ்சினால் நல்லது. ஜிடிஏ 5-க்கு நூறு ஜிபியை ஒட்டி வேண்டும், சைபர்பங்குக்கு 70. இரண்டு மூன்று பெரிய கேமோடு நிறைந்துவிடும். எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிற மாடலாகப் பார்த்தால் அந்தக் கவலை இல்லை.

திரையில் 144 ஹெர்ட்ஸ் என்று எல்லோருமே போடுகிறார்கள். அது இந்த விலையில் பெரிய விஷயமில்லை. நிறத்தைப் பாருங்கள். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருந்தால் வெளுத்த திரை, சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும். நூறு சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்றால் நல்லது. வெளிச்சம் 300 நிட்ஸ் இருந்தால் முற்றத்துப் பக்கம் உட்கார்ந்தாலும் எழுத்து தெரியும், 250 என்றால் கண்ணைச் சுருக்க வேண்டும். மக்ஸ் ஸ்விட்ச் இருந்தால் கூடுதல் நன்மை. கிராபிக்ஸ் சிப் நேராகத் திரையோடு பேசும், வேலரன்ட் மாதிரி வேகமான கேமில் ஃபிரேம் கூடும்.

நம் பக்கத்துக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியவை இனிமேல்தான் இருக்கின்றன.

லேப்டாப்புகளின் விவரக் குறிப்பில் இயங்கும் வெப்பநிலை என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் 35 டிகிரி வரைதான் எழுதியிருப்பார்கள். சித்திரை, வைகாசியில் காரைக்குடியில் மதிய நேரம் அதைத் தாண்டுவது சாதாரணம். மேலே கான்கிரீட் தளம் போட்ட மாடி அறையில் சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட அந்தச் சூடு இறங்காது. சிப்பின் சூடு அறைச் சூட்டின் மேல் ஏறுவது. அறை பத்து டிகிரி கூடினால் சிப்பும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும். இன்டெல் பிராசசர் நூறு டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், என்விடியா சிப் 87-ஐ ஒட்டிக் குறைக்கும். டெல்லியில் டிசம்பரில் எடுத்த வீடியோவில் 80 ஃபிரேம் ஓடுகிற லேப்டாப், நம் ஊர் மே மாதத்தில் அரைமணி நேரத்துக்குப் பிறகு 60-க்கு இறங்குவது இதனால்தான். யூடியூப் விமர்சனத்தில் அறை வெப்பநிலையைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். சொல்லாதவரின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய செட்டிநாட்டு வீடாக இருந்தால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. கனத்த சுவர், உயரமான கூரை, நடுவே முற்றம். வளவைச் சுற்றியுள்ள கீழ் அறைகள் மாடி அறையைவிடப் பல டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். மேசையை அங்கே போடுங்கள், மாடியில் வேண்டாம். ஆத்தங்குடித் தரை ஜில்லென்று இருக்கிறது என்று லேப்டாப்பைத் தரையில் வைத்து விளையாடுவதைப் பல வீட்டில் பார்க்கலாம். அது தப்பு. காற்று அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. ரப்பர் கால்களின் உயரம் சில மில்லிமீட்டர்தான், தரையோடு ஒட்டிவைத்தால் தூசியும் முடியும் நேராக விசிறிக்குள் போகும். பின்பக்கத்தை மூன்று செ.மீ. தூக்கிவைத்தாலே சில டிகிரி குறையும், அதற்கு இரண்டு மரக்கட்டை போதும். விசிறி வைத்த கூலிங் பேடுக்கு ஆயிரம் இரண்டாயிரம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். மெத்தையில் வைத்து விளையாடுவது கூடவே கூடாது, போர்வை துளையை மூடிவிடும்.

புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளுக்கு அருகில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தவிட்டுத் தூசி மெல்லியது, விசிறிக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் இடையில் கம்பளி மாதிரி ஒரு படலமாகப் படியும். விசிறி கத்தும், காற்று வெளியே வராது. அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், மற்ற இடங்களில் வருஷம் ஒருமுறை போதும். சுத்தம் செய்யும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு காற்றடிக்க வேண்டும். ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து விசிறியைச் சுழலவிட்டால் பேரிங் போய்விடும். வாரண்டி காலத்தில் அடிமூடியைத் திறந்தால் வாரண்டி நிற்குமா என்று அந்தந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டைக் குறைக்கச் செலவில்லாத வழி இரண்டு இருக்கிறது. கேமின் அமைப்பில் ஃபிரேம் உச்சவரம்பை 60 அல்லது 75 என்று கட்டிவிடுங்கள். கதை கேம்களுக்கு அது தாராளம், சிப் தேவையில்லாமல் ஓடி மூச்சு வாங்காது. இன்னொன்று, விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு அமைப்புக்குப் போய் அதிகபட்ச பிராசசர் நிலையை 100-இலிருந்து 99-ஆக மாற்றுவது. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அது பிராசசர் தற்காலிகமாக எடுக்கும் கூடுதல் வேகமான டர்போவை நிறுத்திவிடும், சூடு பத்து டிகிரிக்கு மேல்கூட இறங்கும். கிராபிக்ஸை நம்பி ஓடுகிற கேமில் ஃபிரேம் அதிகம் குறையாது. வேலரன்ட்டில் குறையும், அதற்கு மட்டும் திரும்ப 100 வைத்துக்கொள்ளலாம். மே மாதம் முழுக்க இப்படி ஓட்டுவது நல்லது.

பேட்டரியும் சூட்டில்தான் கெடும். லித்தியம் பேட்டரிக்கு எதிரி இரண்டு: வெப்பமும், எப்போதும் நூறு சதவீதத்தில் நிற்பதும். செருகியபடியே கேம் விளையாடினால் இரண்டும் சேர்ந்து வரும். இதை நம் ஊரிலேயே இருக்கும் மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரியில் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பல கம்பெனிகளின் சொந்தச் செயலியில் சார்ஜை 80 சதவீதத்தை ஒட்டி நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. லெனோவோவில் கன்சர்வேஷன் மோடு, ஆசுஸில் பேட்டரி கேர். வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள். கல்லூரிக்குப் போகும் நாளுக்கு முன்னிரவு மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

அடுத்து கரண்ட். தமிழ்நாட்டு ஈபியின் ஏற்ற இறக்கத்தைக் கண்டு ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். லேப்டாப் சார்ஜர்கள் 100-இலிருந்து 240 வோல்ட் வரை தாங்கும், சாயங்காலம் 180-க்கு இறங்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் இடைவெளியை லேப்டாப்பின் பேட்டரி தாங்கிவிடும், யுபிஎஸ்ஸும் வேண்டாம். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துகிற நாளில் மட்டும் கணக்குப் போட வேண்டும். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி என்றால் காகிதத்தில் 1,800 வாட் மணி, நடைமுறையில் 1,100, 1,200 கிடைத்தால் பெரிது. இரண்டு சீலிங் ஃபேன், இரண்டு லைட், கேம் ஓடும் லேப்டாப் என்றால் 350 வாட்டை ஒட்டி இழுக்கும், மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அன்றைக்கு நோட்ஸ் படிக்கட்டும், கேம் வேண்டாம். வெறும் பேட்டரியில் கேம் ஓட்டுவதும் வீண். சுவர் மின்சாரம் இல்லாவிட்டால் கிராபிக்ஸ் சிப் பாதி வேகம்கூட எடுக்காது. இன்வெர்ட்டர் பழைய ஸ்கொயர் வேவ் ரகமாக இருந்தால் சார்ஜர் உறுமும், கூடுதலாகச் சுடும். சைன் வேவ் நல்லது. ஐப்பசி இடி மழையில் சார்ஜரையும் ரவுட்டரிலிருந்து வரும் லேன் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். மின்னல் அந்த லேன் ஒயர் வழியாகவும் வரும்.

சில கேமிங் சார்ஜர்கள் ஏசிக்குப் போடுகிற மாதிரிப் பெரிய மூன்று பின்னோடு வரும். பழைய வீட்டில் அந்த அளவு பாயின்ட் கிச்சனில் ஒன்று இருந்தாலே அதிசயம். பயப்பட வேண்டாம். 230 வாட் சார்ஜர் முழு வேகத்தில் இழுத்தாலும் ஒன்றேகால் ஆம்பியரைச் சுற்றித்தான் வரும். அந்த ஒயரை மட்டும் நல்ல தரமான 6 ஆம்பியர் பின் உள்ளதாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டரை மட்டும் போடாதீர்கள்.

காரணம் எர்த். பழைய வயரிங் உள்ள வீட்டில், வெறுங்காலோடு தரையில் நின்று லேப்டாப்பின் உலோக ஓரத்தையோ யூஎஸ்பி வாயையோ தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று ஏறும். லேப்டாப் பழுது என்று தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள். பழுது லேப்டாப்பில் இல்லை. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்கசிவு எப்போதும் எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கும். எர்த் இல்லாத பாயின்டில் அது போக வழியில்லாமல் உங்கள் உடம்பைத் தேடுகிறது. எலக்ட்ரீஷியனை வைத்து மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் இல்லை என்றால் அந்த ஒரு பாயின்டுக்காவது தனியாக எர்த் ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். சிலர் வேலை மிச்சம் என்று பாயின்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். மல்டிமீட்டரில் சரியாகவே காட்டும். வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தால் லேப்டாப்பின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்துவிடும். உயிருக்கே ஆபத்து, அனுமதிக்காதீர்கள்.

கம்பெனி எது என்று கேட்பீர்கள். லெனோவோ லாக், எச்பி விக்டஸ், ஆசுஸ் டஃப், ஏசர் நைட்ரோ, இந்த விலையில் இவற்றைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். நான்கிலும் நல்ல மாடலும் உண்டு, வாட் குறைத்த மாடலும் உண்டு. அதனால் கம்பெனியை விட்டுவிட்டு வாரண்டி எப்படி என்று பாருங்கள். ஆன்சைட் என்றால் ஆள் வீட்டுக்கு வந்து சரிசெய்வார். கேரி-இன் என்றால் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெரிய சர்வீஸ் சென்டருக்கு நமக்கு மதுரை அல்லது திருச்சி. இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள் போகும். 630001 என்று பின்கோடைச் சொல்லி அங்கே ஆன்சைட் வருகிறதா என்று கம்பெனி எண்ணில் கேளுங்கள். தேவகோட்டை 630302, கானாடுகாத்தான் 630103. பின்கோடு மாறினால் பதிலும் மாறலாம். வாரண்டியை இரண்டு மூன்று வருஷமாக நீட்டிப்பது வாங்கிய புதிதில் மலிவு, முதல் வருஷம் முடியும்போது விலை கூடிவிடும். மதர்போர்டு ஒன்று போனால் வாங்கிய விலையில் பெரும்பங்கு போய்விடும் என்பதால், கேமிங் லேப்டாப்புக்கு இந்தச் செலவு நியாயமானது.

செக்காலை ரோட்டுக் கடையில் வாங்குவதா ஆன்லைனிலா என்பது விலையைப் பொறுத்தது. ஆன்லைனில் கார்டு தள்ளுபடியோடு நாலைந்தாயிரம் குறையலாம். அந்த விலையைக் கடையில் காட்டிக் கேளுங்கள், ரேமைப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், பல கடைகளில் ஒத்துவருவார்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் எடுக்காதீர்கள். பெட்டியின் சீரியல் நம்பரைக் கம்பெனியின் தளத்தில் போட்டால் வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று தெரியும். நீங்கள் வாங்கும் தேதிக்குப் பல மாதம் முந்தியதாக இருந்தால் அது திரும்பி வந்த பெட்டியாக இருக்கலாம், அல்லது தேதியைத் திருத்த வேண்டியிருக்கும். பில்லைக் காட்டித் திருத்தலாம், ஆனால் அதை முதல் வாரத்திலேயே செய்ய வேண்டும்.

பழைய லேப்டாப் யோசனை இருந்தால் ஒன்று மட்டும்: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத, இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அம்சங்களும் வேண்டும்.

புதிய லேப்டாப் வீட்டுக்கு வந்ததும் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைப் படங்களை ஓட்டிச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கூட வந்த ஆபீஸை அன்றே ஆக்டிவேட் செய்யுங்கள். பிட்லாக்கர் என்ற பூட்டு விண்டோஸ் 11-இல் தானாகவே போட்டிருக்கக்கூடும். அதன் மீட்புச் சாவி 48 இலக்க எண். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்து அதைக் காகிதத்தில் எழுதிப் பில்லோடு வையுங்கள். பின்னால் மதர்போர்டு மாற்றினால் அந்த எண் இல்லாமல் உள்ளே இருக்கும் ப்ராஜெக்ட் எதையும் எடுக்க முடியாது.

அதன்பின் கனமான கேம் ஒன்றைச் சார்ஜர் செருகி அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். முதல் ஐந்து நிமிட எண்களை நம்ப வேண்டாம், ஹீட் சிங்க் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருக்கும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவசச் செயலியைப் பின்னால் திறந்துவைத்து, கிராபிக்ஸ் எத்தனை வாட் இழுக்கிறது, எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று முப்பதாவது நிமிடத்தில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிரேம் வரம்பு எதுவும் போடாமல் பார்க்க வேண்டும். விவரப் பட்டியலில் 95 வாட் என்று போட்டிருக்க, இங்கே 50-ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் கம்பெனிச் செயலியில் பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டும் ஏறவில்லை என்றால், அந்தப் படத்தோடு மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். ஆன்லைனில் அதற்குக் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் ஏழு நாள்தான், ஆகவே இந்தச் சோதனையை வந்த அன்றோ மறுநாளோ செய்துவிடுங்கள்.